தோளுக்குப் பொருந்தியது

பக்கத்துத் தோட்டத்து வீட்டில் திருடர்கள் புகுந்து கிழவன் கிழவியை அடித்துப்போட்டதிலிருந்து தனக்குத் தூக்கமில்லை என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லைசென்ஸுக்கு எழுதிப் போடும் முன் பார்த்துவிடலாம் என்று துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தார். வழக்கம்போல அவருக்குப் பின்னால் மனைவி பாவாத்தாள்.

இரட்டைக் குழல் துப்பாக்கி கைக்கு வந்ததும் அவருக்கு மீசை நிமிர்ந்துவிட்டது. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"காலியா இருந்தாலும் ஆள் பக்கம் காட்டாதீங்க," என்று கடைக்காரர் நாற்காலியோடு நகர்ந்தார். "ராத்திரி நாய் கொரச்சா வீட்ல யாருங்க எந்திரிச்சுப் பாக்கறது?"

சென்னியப்பன் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

"நாந்தானுங்க," என்றாள் பாவாத்தாள். "இவங்களுக்கு நாய் கொரைக்கறதே கேக்காதுங்க."

கடைக்காரர் உள்ளே போய் எடை குறைந்த ஒற்றைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாங்கினாள். அவர் சொன்னபடி விரலை விசையில் வைக்காமல் ஓரமாக நீட்டி, பின்கட்டையைத் தோளில் பதித்து, கன்னத்தைச் சாய்த்து, வெறும் சுவரைக் குறி பார்த்தாள். மூச்சு வேகமாக வந்தது. கம்மல் ஆடியது.

"ஏனுங்க, எனக்குன்னே செஞ்சாப்புல இருக்குதுங்க."

"அப்ப லைசென்ஸை அம்மா பேர்லயே எழுதிப் போட்டுடுங்க," என்றார் கடைக்காரர்.

அவள் துப்பாக்கியை இறக்கவில்லை. சுவரிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"குறுக்க நிக்காதீங்க," என்றாள்.

சென்னியப்பன் இரட்டைக் குழலை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, அவளுக்குப் பின்னால் போய் நின்றார்.