மஞ்சள் நாடா

கடைசிச் சுற்றில் சங்கிலி அறுந்ததும் பூங்கோதை சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் ஓடினாள். இந்தப் பந்தயத்தில் அதற்கு அனுமதி உண்டு. சைக்கிளை விட்டுவிட்டு வரத்தான் கூடாது. தொடரின் எல்லாப் பந்தயங்களையும் முடித்தவர்களுக்கே அடுத்த ஆண்டு இடம். இது கடைசிப் பந்தயம்.

பின்னால் ஞானப்பிரகாசம் வந்துகொண்டிருந்தார். பாதையின் ஓரங்களில் கட்டிய மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவை, கடைசி ஆள் கடந்ததும் அவிழ்த்துச் சுருட்டுவது அவர் வேலை. அவள் நின்றால் அவரும் நின்றார்.

"மெதுவாவே போம்மா. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

"பின்னால அந்தச் சரசரப்பு கேட்டாலே கால் ஓட மாட்டேங்குதுண்ணே."

அதன்பின் அவர் நாடாவை மார்போடு அணைத்துச் சத்தமில்லாமல் சுருட்டினார்.

மேடேறியதும் அவள் நின்றுவிட்டாள். கீழே நாடாவே இல்லை. எல்லாரும் வந்தாயிற்று என்று நினைத்து, முடிவுக்கோட்டிலிருந்தும் யாரோ சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெறும் புல்வெளி. தூரத்தில் கோட்டின் மேல் கட்டிய வளைவு மட்டும் நின்றது.

"நேரா போயிரட்டுமாண்ணே?"

"குறுக்கால போனா செல்லாதும்மா."

"அப்ப வழி?"

அவர் கையிலிருந்த சுருளைப் பார்த்தார். முனையைப் பக்கத்துக் கழியில் கட்டினார். காலையில் பாதை வளைந்த இடங்களை யோசித்து யோசித்து, நாடாவை விட்டபடி அவளுக்கு முன்னால் நடந்தார். அவள் சைக்கிளைத் தோள் மாற்றிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

கோட்டின் மேலிருந்த வளைவைக் கழற்ற யாரோ ஏணி சாய்ப்பதைப் பார்த்ததும் அவர் ஓடத் தொடங்கினார்.