ஜன்னலில் வெடித்த சரவெடி

மனைவியின் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான் கணவன். உதடு கிழிந்து ரத்தம் வழிய, அவள் படுக்கையறைக்குள் ஓடித் தாழிட்டாள்.

"வெளிய வாடி! இன்னைக்கு உன்னைக் கொல்லாம விடமாட்டேன்!" என்று கதவை உதைத்தான்.

வெளியே திடீரென்று சரவெடிச் சத்தம். தெருவே அதிர்ந்தது. அவன் உதைப்பதை நிறுத்தவில்லை. கதவில் விரிசல் விழுந்தபோது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் போலீஸ். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஊர்ல பட்டாசுக்குத் தடை இருக்கு, இந்த வீட்டு ஜன்னல்லேர்ந்து வெடிச்சிருக்கீங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் புகார் பண்ணிட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பட்டாசா? நாங்க வாங்குறதே இல்ல சார்!"

படுக்கையறைக் கதவு திறந்தது. கையில் தீப்பெட்டியோடு அவள் வந்தாள்.

"வாங்கினதும் நான்தான், கொளுத்தினதும் நான்தான்."

"வீட்டுல வெடிச்சா கைதுன்னு தெரியாதாம்மா?"

"தெரியும் சார். இவர் அடிக்கிறார்னு கூப்பிட்டப்பல்லாம், குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கங்கன்னு சொல்லிட்டீங்க. பட்டாசுன்னா உடனே வருவீங்கன்னுதான் வாங்கி ஒளிச்சு வச்சிருந்தேன்."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"ஜெயில்ல போடுங்க சார். இங்க மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க."