சத்தம் போடாத பிரேக்

"ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க. நீங்க பிரேக் போட்டா மட்டும் தெருவே காதைப் பொத்திக்குதே!" என்றார் வாடிக்கையாளர்.

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சாயங்காலமே தன் காரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் பேடு கல்லாக இறுகிப்போய், டிஸ்க்கோடு உரசிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டு நிலைமைதான் உனக்கும்" என்று பெருமூச்சு விட்டபடி புதுப் பேடு மாட்டினார்.

அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் ஏழாம் பொருத்தம். தினமும் அவர் வாசலில் கால் வைக்கும்போதே சண்டை உச்சத்தில் இருக்கும். கோபத்தில் இருவருமே சமையலறைப் பக்கம் போக மாட்டார்கள். கடைசியில் ராத்திரிச் சமையல் அவர் தலையில்தான் விழும். வெங்காயம் உரித்து உரித்து, அவர் கையில் கிரீஸ் வாசனையே போய்விட்டது.

அன்று கார் பூனை மாதிரி வந்து வாசலில் நின்றது. வீட்டுக்குள் சண்டைச் சத்தமே இல்லை. யாராவது மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களோ? ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அம்மாவும் மனைவியும் ஒரே சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரமாச்சு அத்தை. இன்னைக்கு எதுக்குச் சண்டை போடலாம்?" என்றாள் மனைவி.

"துணி காயப்போட்டதை வச்சுக்கலாம். அதுக்காக இப்பவே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. முதல்ல அவன் பிரேக் சத்தம் கேக்கட்டும்."