எட்டு மயில்

“எட்டு மயில். ஆளு தன் வாயாலயே ஒத்துக்கிட்டாரு” என்று ரேஞ்சர் சரவணகுமார் மேசைமேல் இருந்த செல்போனை எழிலரசியின் பக்கம் தள்ளினார்.

எழிலரசி வேங்கிக்காலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துபவள். வனத்துறை ஆபீசிலிருந்து அழைப்பு வந்ததும் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். சுவரோரப் பெஞ்சில் அவளுடைய மாணவர் காசி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, அடி அண்ணாமலைக்காரர். வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்க இங்கிலீஷ் இருந்தால் நல்லது என்று மூன்று மாதமாகப் படிக்கும் ஆட்டோக்காரர்.

“ஏழு வருஷம் உள்ள போவாரு. ஆட்டோவும் போயிடும்” என்றார் வனக்காப்பாளர் மண்ணாங்கட்டி. கேஸைப் பிடித்தவர் அவர்தான். டீக்கடையில் காசி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்ததை, முதுகுக்குப் பின்னால் நின்று ரெக்கார்டு செய்திருந்தார்.

எழிலரசியின் நினைப்பு சென்டர் பக்கம் ஓடியது. நாளைக்குப் பேப்பரில் வந்தால் காசியின் படத்துக்குக் கீழே சென்டர் பெயரும் வரும். அப்புறம் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்?

மண்ணாங்கட்டி செல்போனைத் தட்டினார். காசியின் குரல் கேட்டது. “லாஸ்ட் சண்டே ஐ எய்ட் பீகாக். இட் வாஸ் வெரி டஃப். மை ஒய்ஃப் புட் மோர் பெப்பர்.”

“கேட்டீங்களா? எய்ட் பீகாக்.” மண்ணாங்கட்டி எட்டு விரலை விரித்துக் காட்டினார். “ஒரே ஞாயித்துக்கிழமையில.”

“ஒரு ஆளால எட்டு மயிலத் தின்ன முடியாதும்மா” என்றார் ரேஞ்சர், நியாயமானவர். “ஆளுக்கு ஒண்ணுன்னு வெச்சாக்கூட இன்னும் ஏழு பேரு இருக்கணும். அவங்க யாருய்யான்னு காலையிலேருந்து கேக்கறோம். சத்தியமா எட்டு இல்ல சார், எட்டு இல்ல சார்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு.”

அவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டு, பெயர் எழுத இடம் விட்டிருந்தது.

எழிலரசிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. “சார், அது எட்டே இல்ல. ஈட்டுக்கு பாஸ்ட் டென்ஸ் எய்ட். சாப்பிட்டேன்னு அர்த்தம். எங்க கிளாஸ்ல இந்த மாசம் பாஸ்ட் டென்ஸ்தான் நடக்குது. வினோதமா எதையாவது சாப்பிட்ட மாதிரி போன்ல ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பழகணும். தமிழ்செல்வின்னு ஒரு அம்மா தேள் வறுவல் சாப்பிட்டாங்க. ஜெராக்ஸ் கடை செழியன் முதலை சாப்பிட்டாரு.”

மண்ணாங்கட்டி பேனாவை எடுத்தார். “முதலை சாத்தனூர் டேம்ல பிடிச்சதா?”

“யாரும் எதையும் பிடிக்கலீங்க. எல்லாம் வாய்ப்பேச்சு.” எழிலரசிக்குள் இருந்த டீச்சர் எழுந்து நின்றாள். “நடந்தத மனசுல பாத்துட்டுச் சொன்னா டென்ஸ் தப்பாதுன்னு சொல்லிக் குடுப்பேன் சார். தமிழ்செல்விக்கு இன்னும் வரல, தேள ஈட்டட்னுதான் சொல்றாங்க. காசி அண்ணனும் மூணு மாசமா ஈட்டட்தான். இந்த மயிலுலதான் மொதல் தடவையா எய்ட்னு சுத்தமா சொல்லியிருக்காரு. பெப்பர் புட்டட்னுகூட சொல்லல பாருங்க, புட்டுன்னு சரியா போட்டிருக்காரு. எனக்கே ஆச்சரியமா இருக்கு.”

காசி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“இதெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா?” என்றார் ரேஞ்சர், மண்ணாங்கட்டியைப் பார்த்தபடி. “சில பேருக்குத்தான் புரிய மாட்டேங்குது.”

“புரிய வெச்சிடலாம் சார். நான் ஒண்ணு சொல்றேன், மொத்தம் எத்தன இட்லின்னு சொல்லுங்க. ஐ எய்ட் சிக்ஸ் இட்லீஸ்.”

“பதினாலு” என்றார் மண்ணாங்கட்டி, கண் இமைக்காமல்.

ரேஞ்சரின் வாயும் அதே எண்ணுக்குத்தான் திறந்திருந்தது. அதைப் பாதியிலேயே இருமலாக மாற்றிக்கொண்டார். மூன்று தடவை இருமினார்.

“ஆறு சார். ஆறு இட்லி சாப்பிட்டேன்.”

“ஆறுதான். பின்ன?” ரேஞ்சர் வெள்ளைத்தாளை மடித்து, மேலும் மடித்து, தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்து பையில் போட்டுக்கொண்டார். “யோவ் மண்ணாங்கட்டி, இது கோர்ட்டுக்குப் போயிருந்தா ஜட்ஜ் நம்மளத்தான்யா இங்கிலீஷ் கிளாஸ்ல சேத்து விட்டிருப்பாரு. அந்த ரெக்கார்டிங்க அழி மொதல்ல. காசி, நீங்க கிளம்புங்க.”

மண்ணாங்கட்டி அழித்தார். அழித்ததை ரேஞ்சரிடம் காட்டவும் செய்தார்.

காசி இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் அவருடைய ஆட்டோ நின்றது. எழிலரசி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்குப் பீறிட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“எட்டு மயிலாம், எட்டு. கொஞ்சமாவது யோசிக்க வேணாமாண்ணா இவங்க?”

காசி ஆட்டோவைக் கிளப்பினார்.

“அதான மிஸ். ஒண்ணத் தின்னு முடிக்கவே எங்களுக்கு ரெண்டு நாளாச்சு.”