யார் கூப்பிட்டாலும்

கையைப் பிடித்து நாலு எட்டுகூட நடந்திருக்க மாட்டான். நிமிர்ந்து பார்த்த மயிலு, வெடுக்கென்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

விளையாடுகிறாள் என்றுதான் தங்கதுரை நினைத்தான்.

நாலு வயதுப் பிள்ளை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து இதே ஆட்டம்தான். அலையைத் தொட்டுவிட்டு ஓடுவாள். அவன் காலை மணலில் புதைத்துவிட்டு ஓடுவாள். சில்லுக் கருப்பட்டியைப் பாதி கடித்து, மிச்சத்தை அவன் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஓடுவாள்.

மகளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு அவன் வெளியே கிளம்பியது இதுதான் முதல் தடவை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வெயிலில் மனைவி முருகேஸ்வரியால் வர முடியாது. “நீங்க ஒத்தையில சமாளிச்சிருவீங்களா?” என்று அவள் கேட்டதற்கு, சாயர்புரத்திலேயே பெரிய பொறுப்பாளி தான்தான் என்பது மாதிரி சிரித்துவிட்டு வந்திருந்தான்.

லீவுக்குப் பிள்ளைக்குக் கடலைக் காட்டின மாதிரியும் ஆச்சு, சுகப்பிரசவத்துக்காகத் திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டதை முடித்த மாதிரியும் ஆச்சு என்பது அவன் கணக்கு.

மயிலைச் சிப்பிக் கடைக்கார அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். வேண்டுதலை முடித்தான். கடலில் ஒரு முங்கு போட்டான். ஈரத்தைக் களைந்து பச்சை வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். அக்கா யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மயிலு ஒரு சங்கைக் காதில் வைத்து, குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்தான்.

அந்தக் கைதான் இப்போது இல்லை.

“ஏளா மயிலு, நில்லு.”

அவன் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் வேகமாக ஓடினாள். ரோஸ் கவுன் ஒரு குடும்பத்துக்குள் புகுந்து, இன்னொரு குடும்பத்துக்குள் வெளிப்பட்டது. பிறகு காணவில்லை.

தங்கதுரை அந்தப் பக்கம் ஓடினான்.

கடலைப் பார்த்தான். அலைக்குள் எத்தனையோ பிள்ளைகள். எதுவும் மயிலு இல்லை. அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. உச்சி வெயில் தலையில் நேராக இறங்கியது. முருகேஸ்வரியிடம் என்ன சொல்வது?

ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். வரும்போது பஸ்ஸில் அவன் பாடமே நடத்தியிருந்தான். யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. மிட்டாய் தந்தாலும் போகக் கூடாது. நான்தான் உங்கப்பான்னு சொன்னாலும் போகக் கூடாது. கையைப் பிடித்தால் கடிக்கணும், கத்தணும். மயிலு எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரர்கூடப் பாராட்டினார்.

யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். அதையே சொல்லிக்கொண்டு ஓடினான்.

சுற்றிவிட்டுச் சிப்பிக் கடைக்கே திரும்பியபோது, அக்காவின் சேலைக்குப் பின்னால் ரோஸ் கவுன் தெரிந்தது.

உயிர் வந்தது. பாய்ந்துபோய்த் தூக்கினான்.

மயிலு அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பல் பதிந்தது. பிறகு கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி வீரிட்டாள்.

“இது எங்கப்பா இல்ல.”

தங்கதுரைக்குக் காது அடைத்துப்போனது. பெற்ற பிள்ளை, முகத்தைப் பார்த்து, அப்படிச் சொல்கிறாள். கடித்த இடம் அவனுக்கு வலிக்கவே இல்லை. அவள் பார்த்த பார்வைதான் வலித்தது. அவ்வளவு பயம் அதில் இருந்தது.

அக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். ஐஸ் வண்டிக்காரர் அவன் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்தார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

“ஏலே, யாருல நீ?”

நான்தான் இவளுக்கு அப்பா என்று சொன்னான். மயிலு இன்னும் பலமாகக் கத்தினாள்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, முகப்புப் படத்தை நீட்டினான். பொங்கலுக்கு முயல்தீவு போனபோது எடுத்தது. மயிலு அவன் தோளில் உட்கார்ந்திருப்பாள்.

ஐஸ் வண்டிக்காரர் படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். துண்டை இன்னும் இறுக்கினார்.

“இதுல பிள்ளை இருக்கு. நீ எங்கல இருக்க?”

அக்கா போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு கட்டைவிரலைப் படத்தில் இருந்தவரின் சுருட்டை முடிமேல் வைத்தாள். இன்னொரு கட்டைவிரலால் மீசையை மறைத்தாள்.

“அட பாவி மனுசா,” என்றாள்.

தங்கதுரையின் கை தானாக மேலுதட்டுக்குப் போனது. வழவழவென்று இருந்தது. முடியை மட்டும்தான் கொடுப்பதாக வேண்டியிருந்தான். சாமிக்கு என்று வந்தால் முழுசாகத்தான் கொடுக்கணும் என்று சொல்லி, நாவிதர் ஒரே இழுப்பில் மீசையையும் எடுத்துவிட்டார். கல்யாண போட்டோவில் முருகேஸ்வரியை விடப் பளிச்சென்று தெரிந்த மீசை.

மயிலு தொலையவே இல்லை. யாரோ ஒரு மொட்டைத்தலையன் வந்து கையைப் பிடித்தான். அப்பா சொல்லிக்கொடுத்ததை அவள் ஒன்று விடாமல் செய்திருந்தாள்.

அவன் மணலில் மண்டியிட்டான். துண்டைத் தலையில் போட்டு, மூக்குக்குக் கீழே உள்ளங்கையால் மூடிக்கொண்டான். கண்ணை மட்டும் விட்டுவைத்தான்.

“மயிலு, மிச்சக் கருப்பட்டி யார் பையில இருக்கு?”

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

“எங்கப்பா பையில.”

ஒரு எட்டு வந்தாள். நின்றாள். இன்னொரு எட்டு வந்து, அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்தாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் வந்தார்.

“சாயர்புரம் ஒண்ணு,” என்றான், வாயைப் பொத்தியபடியே.

“என்ன சொல்லுதீய? கையை எடுத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

தங்கதுரை குனிந்து மகளைப் பார்த்தான்.

மயிலு அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், கத்துவதற்கு வாயைத் தயாராகத் திறந்து வைத்தபடி.