பகலெல்லாம் ரயில்

“புருஷனைப் பெத்த தாயைப் பகல் பூரா வீட்டுக்கு வெளியிலயே வெச்சிருக்கத் திட்டம் போட்டிருக்கா பாருங்க, உங்க மருமக!”

விரித்திருந்த ஐரோப்பா வரைபடத்தின் மேல் தையல்நாயகி காப்பித் தம்ளரை ணங்கென்று வைத்தாள். பெல்ஜியம் நனைந்தது.

பஞ்சநாதன் அவசரமாகத் துண்டால் துடைத்தார்.

மகன் பாலகுரு பாரிசுக்குப் போய் ஆறு வருஷம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள அல்லியைக் கட்டிக்கொண்டு போனவன். அங்கே ரயில்வேயில் பெரிய வேலை என்று ஊரில், தருமபுரம் முழுக்கப் பேச்சு. இப்போதுதான் அப்பா அம்மாவை அழைத்திருக்கிறான். பயணத் திட்டமும் வந்து சேர்ந்துவிட்டது, அல்லியின் கையெழுத்தில்.

“திங்கக்கிழமை ஷார்த்ரு, பெரிய மாதா கோயில். செவ்வாய் ரூவான். புதன் பிரஸ்ஸல்ஸ், அது வேற தேசம்! காலையில ரயிலேறினா சாயங்காலம் திரும்பிடலாம். ஒரே பாஸ்தான், எந்த வண்டியிலயும் ஏறிக்கலாமாம்.” பஞ்சநாதன் குரலில் பள்ளிக்கூடத்துப் பையனின் குஷி. “கடைசியில ஜெனீவா, ரோம். ரோம்லேர்ந்தே பிளேன்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். மறுபடி அவ வாசப்படி மிதிச்சுடக் கூடாதுன்னு அங்கேர்ந்தே மூட்டை கட்டி அனுப்புறா. வீட்டுல இருக்கறது ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாளு!”

“ஊரைச் சுத்திப் பாக்கட்டும்னு நல்ல மனசோட...”

“நல்ல மனசு! கடைத்தெருவுக்குப் போயிட்டு வந்தாலே முட்டி வலிக்குதுன்னு சுருண்டு படுக்கிறவளுக்கு நாளுக்கு ஒரு ரயிலா? அவ அம்மா போனா இப்படித்தான் தெருவுல விடுவாளா?”

மூலையில் சின்ன மூட்டை ஒன்று இருந்தது. காரைக்கால்மேட்டில் சொல்லி வைத்து வாங்கிய நெத்திலிக் கருவாடு, அவள் கையால் உருட்டிக் காயவைத்த குழம்பு வடகம்.

“எம் புள்ளைக்கு ஒருவேளை குழம்பு வெச்சுப் போடத்தான் நான் கடல் தாண்டிப் போறேன். கோயில் பாக்கப் போகலை. எழுதுங்க, பகல்ல நான் எங்கயும் நகரமாட்டேன், மகன் வீட்டுலதான் இருப்பேன்னு.”

எழுதாவிட்டால் சோறு கிடைக்காது. எழுதினார்.

சில நாள் கழித்து முத்து முகம்மது வந்தான். பாலகுருவோடு படித்தவன். பாரிசில் அதே கட்டடத்தில், பக்கத்து அறையில் இருப்பவன். லீவில் ஊருக்கு வந்திருந்தான். அல்லி கொடுத்தனுப்பிய இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்தான்.

“அங்க குளிரும்மா. ரயில்ல போட்டுக்கச் சொல்லிச்சு.”

“ரயில்ல!” தையல்நாயகிக்கு மறுபடி பற்றிக்கொண்டது. “நீ சொல்லு முத்து. பகல்ல அவ வீட்டுலதானே இருக்கா?”

“ஆமாம்மா.”

“என்ன பண்ணுவா?”

“தூங்கும்.” யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

“கேட்டீங்களா! எம் புள்ள ரயில்வேயில ஓடா உழைக்கிறான், மகாராணி பட்டப்பகல்ல தூங்குறா. அவ தூக்கத்துக்கு எடைஞ்சல்னு நாம ஊர் ஊரா அலையணும்!”

முத்து முகம்மதுவின் முகம் மாறியது.

“அம்மா, அல்லி எனக்குத் தங்கச்சி மாதிரி. அதை இப்படிப் பேசுனா நான் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாது. ரெண்டு பேருமேதான் தூங்குவாங்க. ராத்திரி பூரா ஸ்டேஷன்ல ரயில் பெட்டி கழுவிட்டு வர்றவங்க, பகல்ல தூங்காம எப்பத் தூங்குறது?”

“யாரு... பாலகுருவா? பெட்டி கழுவுறானா?”

“ரெண்டு பேரும்தான். இருக்கறது ஒரே ரூம், ஒரே கட்டில். ராத்திரி அவங்க வேலைக்குப் போனதும் கட்டில் உங்களுக்கு. காலையில நீங்க ரயிலுக்குக் கிளம்புனதும் அவங்களுக்கு. அல்லிதான் இப்படி யோசிச்சுச்சு. ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் தூங்காம உங்களோட இருக்கறதுன்னு வெச்சிருக்காங்க. சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்தேன். சொல்ல வெச்சுட்டீங்க.”

விருட்டென்று எழுந்து போய்விட்டான்.

தையல்நாயகி கம்பளிச் சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். வாசலில் திருநள்ளாறு பஸ் போனது. அது போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடைத்தெரு மருந்துக்கடைக்குப் பாரிசிலிருந்து போன் வந்தது. கடைக்காரர் வைத்தியலிங்கம் ஆள் அனுப்பினார்.

“வாங்கம்மா, வாங்க. ரயில்வே ஆபீசர் லைன்ல இருக்காரு.”

மருந்து வாங்க வந்தவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். ஆனால் யாரும் போகவில்லை.

“அம்மா,” கடலுக்கு அப்பாலிருந்து பாலகுருவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. “அப்பா லெட்டர் வந்துச்சு. உனக்குப் புடிக்கலைன்னா ரயிலெல்லாம் வேண்டாம்மா. வீட்டுலயே இரு. அல்லியும் அதான் சொல்லுது. நாங்க... நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்.”

கடையே திரும்பிப் பார்க்கும்படி தையல்நாயகி கத்தினாள்.

“உங்கப்பாவுக்கு வேற வேலை இல்லை, எதையாவது எழுதுவாரு! அவ்வளவு தூரம் வந்து உன் வீட்டு நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றியா? பகல்ல வீட்டுல இருன்னு சொன்னீன்னா நான் பிளேனே ஏறமாட்டேன், ஆமா! ஏண்டா, அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் எதுக்கு வெறுமனே கெடக்கு? அல்லிக்கிட்ட சொல்லி அன்னிக்கும் ஒரு ரயிலைப் போடு!”