முழங்கால் மடங்கவில்லை

கபடி ஆடும் முனீஸின் வலது முழங்கால் காலிறுதியில் பிசகி வீங்கியிருந்தது. அரையிறுதி தொடங்குமுன் வலி ஸ்பிரே அதன்மேல் புஸ்ஸென்று அடித்தது.

"வலி போச்சில்ல? எழுந்து ஆடு," என்றது ஸ்பிரே.

"வலிதான் போச்சு. உள்ளே கிழிஞ்சது அப்படியே இருக்கு. நான் மடங்க மாட்டேன்," என்றது முழங்கால்.

விசில் ஊதினார்கள். பயிற்சியாளர் கத்தினார். முழங்கால் அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் முனீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டான்.

"உன்னாலதான் ஆட்டம் போச்சு," என்றது ஸ்பிரே. "போன வருஷம் நாலு பேரை ஒரே நிமிஷத்துல எழுப்பி ஆடவிட்டவன் நான்."

"அந்த நாலு பேரும் இந்த வருஷம் எங்கே?"

ஸ்பிரே கேலரியைப் பார்த்தது. நாலு பேரும் மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தன் மூடியைப் போட்டுக்கொண்டது.